குண்டின் அடியைப் பகிர்ந்தேற்கும் துணி

கைத்துப்பாக்கியிலிருந்து புறப்படும் 9 மி.மீ. குண்டின் எடை எட்டுக் கிராம்தான். காவலர் கவசச் சட்டைகளைச் சோதிப்பதற்கென அமெரிக்கத் தரவிதி அக்குண்டுக்கு வகுத்திருக்கும் வேகம் நொடிக்கு 398 மீட்டர். இயங்கும் பொருள் தன் இயக்கத்தின் காரணமாகப் பெற்றிருக்கும் ஆற்றலை இயக்க ஆற்றல் என்பர். எடையையும் வேகத்தையும் கொண்டு கணக்கிட்டால் இக்குண்டு சுமந்துவரும் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 634 ஜூல் ஆகும். 65 கிலோ எடையுள்ள ஒரு மூட்டையைத் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயர்த்துவதற்குத் தேவையான ஆற்றலும் கிட்டத்தட்ட இவ்வளவுதான். ஆகவே குண்டு உயிரைக் குடிப்பது அதனிடமுள்ள ஆற்றல் அளவிறந்தது என்பதால் அன்று. அந்த ஆற்றல் முழுவதும் சுட்டுவிரல் நகத்தினும் சிறிய பரப்பில், கண்ணிமைக்கும் நேரத்தில் நூற்றில் ஒரு பங்கைக்கூட எடுத்துக்கொள்ளாமல் இறங்கிவிடுகிறது என்பதாலேயே. கவசச் சட்டையின் அறிவியல் இந்த இரண்டையும் மாற்றுவதில் அடங்கியிருக்கிறது: அடி விழும் பரப்பை அகலமாக்குவது, அடி விழும் நேரத்தை நீட்டுவது.

இங்கு ஒரு தவறான எண்ணத்தை விலக்கிவிடுவது நல்லது. திரைப்படங்களில் குண்டு பட்டவர் பின்னோக்கிப் பறந்துபோய் விழுவதாகக் காட்டுவர். பொருளின் எடையையும் வேகத்தையும் பெருக்கிவரும் அளவான உந்தம், மோதலின்போது அழியாமல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுகிறது என்பது இயற்பியலின் அடிப்படை விதி. எட்டுக் கிராம் குண்டின் உந்தம் முழுவதையும் 80 கிலோ எடையுள்ள காவலர் ஒருவர் ஏற்றுக்கொண்டாலும் அவர் உடல் பெறும் வேகம் நொடிக்கு நான்கு சென்டிமீட்டர் மட்டுமே. சுட்டவரின் கை துப்பாக்கியின் பின்னுதைப்பாக ஏற்கும் உந்தமும் ஏறத்தாழ இதே அளவினது. குண்டு உடலைத் தள்ளுவதில்லை, துளைக்கிறது. கவசம் எதிர்கொள்ள வேண்டியது அத்துளைப்பையே.

துணியைக் கொண்டு குண்டைத் தடுக்கலாம் என்னும் எண்ணம் செயற்கை இழைகளுக்கு முற்பட்டது. அமெரிக்காவின் அரிசோனாப் பகுதியில் டூம்ஸ்டோன் நகரில் மருத்துவராக இருந்த ஜார்ஜ் குட்ஃபெலோ, குண்டடிபட்டவர்களின் உடலைத் துளைத்த குண்டுகள் அவர்கள் அணிந்திருந்த பட்டுக் கைக்குட்டையைத் துளைக்காமல் இருந்ததைக் கண்டு 1887-இல் அது பற்றி எழுதினார். சிகாகோவில் வாழ்ந்த போலந்து நாட்டுத் துறவி காசிமிர் ஷெக்லென், அந்நகர மேயர் 1893-இல் சுட்டுக்கொல்லப்பட்ட பின்னர், பல அடுக்குப் பட்டினால் ஆன கவச உடுப்பை உருவாக்கி 1897-இல் காப்புரிமை பெற்றார். பட்டு இழை அறுபடுவதற்கு முன் நன்கு நீண்டு கொடுத்து ஆற்றலை உண்ணக்கூடியது. எனினும் அதன் விலை சாதாரணக் காவலருக்கு எட்டாததாக இருந்தது, துப்பாக்கிகளின் வேகமும் வளர்ந்துகொண்டே போனது. இரண்டாம் உலகப் போரிலும் கொரியப் போரிலும் வீரர்கள் அணிந்த நைலான் உடுப்புகள் வெடிச்சிதறல்களைத் தாங்குவதற்கானவை. நேராக வரும் குண்டுக்கு அவை ஈடாகவில்லை. இரும்புத் தகடோ நாள் முழுவதும் அணிந்து தெருவில் நடக்கத் தக்க பொருளன்று.

இந்நிலையை மாற்றிய இழை, காவலரை எண்ணித் தேடப்பட்டதே அன்று. பெட்ரோல் பற்றாக்குறை வரக்கூடும் என்று எதிர்பார்த்த டூபாண்ட் நிறுவனம், வாகனங்களின் டயர்களை எடை குறைத்து வலுவூட்டும் இழை ஒன்றை 1960-களின் நடுவில் தேடிக்கொண்டிருந்தது. டெலவேர் மாநிலத்தின் வில்மிங்டனில் இருந்த அதன் ஆய்வகத்தில் பணியாற்றிய வேதியியலாளர் ஸ்டெஃபனி குவோலெக், 1965-இல் ஒரு புதுவகைப் பல்லுறுப்பியை, அதாவது ஒரே மூலக்கூற்று அலகு ஆயிரக்கணக்கில் சங்கிலிபோல் கோத்த சேர்மத்தை, கரைத்தபோது கிடைத்த கரைசல் வழக்கத்துக்கு மாறாக இருந்தது. இழை நூற்பதற்குரிய கரைசல் தெளிவாகவும் பாகுபோலவும் இருக்க வேண்டும் என்பது அக்காலத்துத் தொழிலறிவு. இதுவோ மோர்போல் கலங்கி நீர்த்திருந்தது. நூற்பு எந்திரத்தின் நுண்துளைகள் அடைத்துக்கொள்ளும் என்று அஞ்சி எந்திரத்தைக் கையாண்டவர் முதலில் மறுத்தார். குவோலெக் விடாமல் வலியுறுத்தவே அது நூற்கப்பட்டது. கிடைத்த இழை நைலான் அறுபடும் இழுப்பிலும் அறுபடாமல் நின்றது. விறைப்புத்தன்மை பற்றி வந்த அளவீட்டை அவரே முதலில் நம்பவில்லை. கருவியில் பிழை இருக்கலாம் என்று ஐயுற்றுச் சோதனையைப் பலமுறை திரும்பச் செய்வித்த பிறகே பிறருக்கு அறிவித்தார். கலங்கிய கரைசலைக் கழிவுத்தொட்டியில் ஊற்றிவிடுவது எளிதாக இருந்திருக்கும் என்பதை நினைக்கும்போது, பின்னாளில் காப்பாற்றப்பட்ட உயிர்களுக்கு அவருடைய பிடிவாதமும் ஒரு காரணம் என்றே கொள்ள வேண்டும். அந்த ஆய்வின் தொடர்ச்சியாகச் சக அறிவியலாளர்கள் மேம்படுத்திய இழை, கெவ்லார் என்ற பெயரில் 1970-களின் தொடக்கத்தில் சந்தைக்கு வந்தது.

கரைசல் கலங்கியிருந்ததற்கான காரணமே இழையின் வலிமைக்கும் காரணம். நைலானின் மூலக்கூறுகள் கரைசலில் சிக்குண்ட நூல்போலச் சுருண்டு கிடப்பவை. கெவ்லார் வகை மூலக்கூறுகளில் விறைப்பான வளைய அமைப்புகள் இடையிடையே அமைந்திருப்பதால் அவை சுருள மாட்டாமல் குச்சிகள்போல் நீண்டிருக்கின்றன. கரைசலில் செறிவு கூடும்போது ஆற்றில் மிதந்துவரும் மூங்கில்களைப் போலத் தாமாகவே ஒரே திசையில் அணிவகுக்கின்றன. நீர்மமாக ஓடியபோதும் படிகத்தின் ஒழுங்கைக் காட்டும் இந்நிலையைத் திரவப் படிக நிலை என்பர். அதை நுண்துளை வழியே இழுக்கும்போது அணிவகுப்பு மேலும் சீராகி, அடுத்தடுத்த சங்கிலிகளுக்கிடையே ஹைட்ரஜன் பிணைப்புகள் ஏராளமாக ஏற்பட்டு, இழையின் நீளவாக்கிலேயே எல்லா வலிமையும் குவிகிறது. ஒரே எடையுள்ள எஃகுடன் ஒப்பிட்டால் கெவ்லார் ஏறத்தாழ ஐந்து மடங்கு இழுவலிமை உடையது என்று சொல்லப்படுவது இதனால்தான்.

எனினும் வலிமை மட்டும் குண்டை நிறுத்திவிடுவதில்லை. துணியின் ஓரிடத்தில் குண்டு மோதியதும், அங்குள்ள பாவு நூல்களும் ஊடை நூல்களும் இழுக்கப்படுகின்றன. அந்த இழுவிசை நூலின் வழியே ஓர் அலையாக இருபுறமும் ஓடுகிறது. இழையின் விறைப்பு கூடக்கூடவும் அடர்த்தி குறையக் குறையவும் அலையின் வேகம் மிகுகிறது. கெவ்லாரில் அவ்வேகம் நொடிக்கு ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர் என்று கொண்டால், மோதிய பிறகு ஒரு நொடியின் இலட்சத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் இழுவிசை ஏழு சென்டிமீட்டர் தொலைவுக்குப் பரவிவிடும். அதே நேரத்தில் குண்டு கடந்திருக்கும் தொலைவு நான்கு மில்லிமீட்டருக்கும் குறைவு. அதாவது குண்டு சில மில்லிமீட்டர் முன்னேறுவதற்குள் மோதிய இடத்துக்கு அப்பாலுள்ள இழைகளும் பாரம் தாங்கத் தொடங்கிவிடுகின்றன. நைலானில் இந்த அலை இதன் மூன்றில் ஒரு பங்கு வேகத்துக்கும் குறைவாகவே ஓடுவதால், தொலைவிலுள்ள இழைகள் உதவிக்கு வருவதற்கு முன் மோதிய இடத்து இழைகள் அறுந்துபோகின்றன. நூலோடும் அலைக்குப் பின்னே, துணி உள்நோக்கிக் குவியும் மற்றோர் அலை மெதுவாக விரிய, கவசத்தின் பின்புறம் கூடாரம்போல ஒரு கூம்பு எழுகிறது. அதன் அடிவிட்டம் குண்டின் விட்டத்தைப்போல் பத்து மடங்கானால் அடியைத் தாங்கும் பரப்பு நூறு மடங்காகிறது.

குண்டும் இதற்கு ஒரு வகையில் உடன்படுகிறது. கைத்துப்பாக்கிக் குண்டு பெரும்பாலும் மென்மையான ஈயத்தின் மேல் செம்புக் கலவை உறை போர்த்தப்பட்டது. முதல் சில அடுக்குகளில் மோதும்போதே அது நசுங்கிக் காளான்போல் விரிந்து தன் முனையை இழக்கிறது. விரிந்த குண்டு கூடுதலான இழைகளைப் பற்றுவதால் மேலும் விரைவாக வேகம் குறைகிறது. நெசவின் நெருக்கமும் இங்கே கணக்கிட வேண்டியது: தளர்வாக நெய்தால் குண்டு நூல்களை விலக்கி நுழைந்துவிடும், மிகவும் இறுக்கி நெய்தால் நூல்கள் ஒன்றையொன்று வெட்டி வலுக்குன்றும். ஊசிபோன்ற கூர்முனை இழைகளுக்கிடையே வழிதேடிச் செல்லக்கூடியது என்பதால், குண்டைத் தாங்கும் சட்டை கத்திக்குத்தைத் தாங்கும் என்று எண்ணிவிடக் கூடாது. சிறைக்காவலர்கள் அணியும் குத்துத்தாங்கிச் சட்டைகளின் அமைப்பும் சோதனையும் வேறானவை. இன்று கெவ்லாருடன் நெதர்லாந்தில் கண்டறியப்பட்ட முறையில் நூற்கப்படும் உயர் மூலக்கூற்று எடைப் பாலிஎதிலீன் இழையும் பெருமளவு பயன்படுகிறது. நீரில் மிதக்கும் அளவுக்கு எடை குறைந்த அவ்விழையை நெய்யாமல், அடுக்குக்கு அடுக்கு குறுக்கும் நெடுக்குமாகப் பிசினில் பதித்து ஒட்டுகின்றனர்.

டயருக்காகப் பிறந்த இழையைக் காவலரின் மார்புக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்க நீதித்துறையின் ஆய்வு அமைப்பில் பணிபுரிந்த லெஸ்டர் ஷூபின். 1970-களின் தொடக்கத்தில் அவரும் இராணுவ ஆய்வாளர் நிக்கோலஸ் மொன்டனரெல்லியும் கெவ்லார் துணியைத் தொலைபேசிக் கையேட்டின்மேல் போர்த்திச் சுட்டுப் பார்த்தபோது குண்டு உள்ளே போகவில்லை. ஆனால் ஷூபின் செய்த அரும்பணி, துணி குண்டைத் தடுக்கும் என்று காட்டியதைவிட, எந்தக் குண்டை அது தடுக்க வேண்டியதில்லை என்று முடிவு செய்ததே எனலாம். ரைஃபிள் குண்டையும் தடுக்கும் கவசம் வேண்டும் என்று கேட்டிருந்தால் விடை மீண்டும் கனத்த தகடாகவே வந்திருக்கும். அது காவல் நிலையத்து அலமாரியில் கிடந்திருக்கும். அன்றைய அமெரிக்கத் தெருக்களில் காவலர்கள் பெரும்பாலும் எதிர்கொண்டவை எளிய கைத்துப்பாக்கிகள் என்பதால், அவற்றைத் தாங்குமளவுக்கு மட்டும், சட்டைக்கு உள்ளே நாள்தோறும் அணியத் தக்க எடையில் கவசம் வடிவமைக்கப்பட்டது. 1975-இல் 15 நகரங்களின் காவலர்களுக்கு ஏறத்தாழ 5,000 சட்டைகள் வழங்கிச் சோதிக்கப்பட்டன. அவ்வாண்டு டிசம்பர் 23 அன்று சியாட்டல் நகரில் கடைக் கொள்ளையைத் தடுக்க முயன்று சுடப்பட்ட காவலர் ஒருவர் அச்சட்டையால் உயிர் பிழைத்தார்.

துளைக்கப்படாமல் இருப்பது ஒன்று, காயப்படாமல் இருப்பது வேறு. குண்டு துணியில் நின்றாலும் பின்புறம் எழும் கூம்பு உடலுக்குள் அழுந்துகிறது. அவ்வழுத்தம் மிகுந்தால் விலா எலும்பு முறியலாம், நுரையீரலில் இரத்தம் கட்டலாம், இதயத்தின் சீரான துடிப்பே குலையலாம். இதை அளப்பதற்காகக் கவசத்துக்குப் பின்னே எண்ணெய் கலந்த சிறப்புக் களிமண் வைத்துச் சுடுகின்றனர். அமெரிக்கத் தரவிதியின்படி களிமண்ணில் ஏற்படும் குழி 44 மி.மீ. ஆழத்தைத் தாண்டக் கூடாது. களிமண் ஒவ்வொரு முறையும் ஒரே பதத்தில் இருக்கிறதா என்று காண, ஏறத்தாழ ஒரு கிலோ எடையுள்ள எஃகுப் பந்தை இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து அதன்மேல் விடுகின்றனர். சுமார் 19 மி.மீ. குழி விழுந்தால்தான் பதம் சரி. 44 மி.மீ. என்னும் எல்லை, 1970-களில் ஆடுகளின் மீது நடத்திய சோதனைகளையும் அன்றைய கைத்துப்பாக்கிக் குண்டையும் அடிப்படையாகக் கொண்டது. களிமண்ணுக்கு எலும்பும் இல்லை, மூச்சும் இல்லை; மனித உடலின் உறுப்புக்கு உறுப்பு வேறுபடும் தாங்குதிறனை ஒற்றை எண்ணில் அடக்குவது அறிவியல் நோக்கில் நிறைவானதன்று. ஆயினும் அந்த அளவைப் பின்பற்றிய சட்டைகள் அரை நூற்றாண்டாக உயிர்களைக் காத்துவருகின்றன என்பதும் மறுக்க முடியாதது.

ரைஃபிள் குண்டின் கணக்கு வேறு. நேட்டோ நாடுகளின் 7.62 மி.மீ. ரைஃபிள் குண்டு 9.6 கிராம் எடையோடு நொடிக்கு 847 மீட்டர் வேகத்தில் வருகிறது. அதன் ஆற்றல் ஏறத்தாழ 3,440 ஜூல், அதாவது மேற்கண்ட கைத்துப்பாக்கிக் குண்டினுடையதைப்போல் ஐந்து மடங்குக்கு மேல். கூர்முனையும் வேகமும் சேர்ந்து, இழுவிசை பரவுவதற்குள் இழைகளை அறுத்துவிடுவதால் மென்துணிக் கவசம் இதற்கு முன் நிற்காது. இங்கு பீங்கான் உதவுகிறது. அலுமினா, சிலிக்கான் கார்பைடு, போரான் கார்பைடு ஆகிய சுட்ட பீங்கான்கள் சில ரைஃபிள் குண்டுகளில் இருக்கும் எஃகு உள்ளகத்தைவிடவும் கடினமானவை. மோதலில் குண்டின் முனை நசுங்கியும் உடைந்தும் தேய்ந்தும் போகிறது, பீங்கானும் மோதிய புள்ளியிலிருந்து கூம்பு வடிவில் விரிசல் கண்டு நொறுங்குகிறது. நொறுங்கும்போதே அடி பின்புறம் அகன்ற வட்டமாகப் பரவ, சிதறிய துண்டுகளைப் பின்னே ஒட்டப்பட்ட இழையடுக்குப் பிடித்துக்கொள்கிறது. தான் உடைந்து காக்கும் தகடு என்பதால் அதே இடத்தில் மறுமுறை அதே வலுவை எதிர்பார்க்க முடியாது. தரையில் தவறி விழுந்தாலும் கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஏற்படலாம். 2023-இல் வெளிவந்த புதிய அமெரிக்கத் தரவிதி கைத்துப்பாக்கிக்கு இரண்டு நிலைகளும் ரைஃபிளுக்கு மூன்று நிலைகளும் வகுத்திருக்கிறது. எனவே செய்தித்தாள்கள் எழுதும் ‘குண்டு துளைக்காத உடை’ என்று ஒன்று இல்லை. இன்ன எடையில், இன்ன வேகத்தில் வரும் இன்ன குண்டைத் தாங்கும் உடை என்பதே சரி.

தரவிதியின் போதாமை ஒருமுறை இரத்தத்தால் உணர்த்தப்பட்டது. 1990-களின் இறுதியில் ஜப்பானில் தயாரான ஜைலான் என்னும் இழை, கெவ்லாரைவிட வலிமையானது என்பதால், மெல்லிய, எடை குறைந்த சட்டைகளுக்குப் பெரிதும் விரும்பப்பட்டது. புதிதாக இருக்கையில் அச்சட்டைகள் சோதனையில் தேறின. 2003-ஆம் ஆண்டு பென்சில்வேனியாவின் ஃபாரஸ்ட் ஹில்ஸில் காவலர் ஒருவர் அணிந்திருந்த ஜைலான் சட்டையை, அது தாங்கியிருக்க வேண்டிய குண்டு துளைத்துச் சென்று அவரைப் படுகாயப்படுத்தியது. விசாரணையில் ஈரமும் வெளிச்சமும் ஜைலானின் மூலக்கூற்று வளையங்களை மெல்ல உடைத்து இழையை நலியச் செய்வது தெரியவந்தது. காவலர்கள் அணிந்து பழகிய 103 சட்டைகளைச் சுட்டுப் பார்த்ததில் பாதிக்கும் மேற்பட்டவை துளைக்கப்பட்டன. 2005-இல் ஜைலான் சட்டைகளுக்கான ஒப்புதல் விலக்கப்பட்டது. வியர்வை படியும் உடலின்மேல் ஆண்டுக்கணக்கில் கிடக்கப்போகும் துணியைப் புதிதாக இருக்கும்போது மட்டும் சோதித்தது பெருந்தவறு என்றுதான் கூற வேண்டும். அதன் பிறகு 2008-இல் வந்த தரவிதி, 65 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலும் 80 விழுக்காடு ஈரப்பதத்திலும் பத்து நாட்கள் உருளைக்குள் 72,000 சுற்றுகள் புரட்டியெடுத்த சட்டையும் குண்டைத் தாங்கிக் காட்ட வேண்டும் என்று விதித்தது. கெவ்லாருக்கும் ஈரமும் வெயிலும் ஆகாதவை. நனைந்தால் இழைகள் வழுக்கிப் பிடிமானம் குறையும், புற ஊதாக் கதிர்கள் பட்டால் வலுக் குன்றும். அதனால்தான் கவச அடுக்குகளை நீர் புகாத உறையில் அடைத்து மூடுகின்றனர். மேலுறையைத் துவைக்கலாம், உள்ளடுக்கை ஈரத்துணியால் துடைக்கலாமே தவிரச் சலவை செய்யக் கூடாது.

இந்தியாவில் காவலர்களும் துணைப்படையினரும் கைத்துப்பாக்கியோடு ரைஃபிளையும் எதிர்கொள்ள நேர்கிறது. 2008 நவம்பரில் மும்பையில் தாக்கியவர்கள் ஏந்தியிருந்தவை ஏ.கே. வகைத் துப்பாக்கிகள். பத்தாண்டுகள் கழித்து, 2018-இல்தான் இந்தியத் தர நிர்ணய அமைப்பு கவச உடைகளுக்கென ஐ.எஸ். 17051 என்னும் தரவிதியை வெளியிட்டது. கான்பூரிலுள்ள பாதுகாப்பு ஆய்வு மையம், அவ்விதியின் ஆறாம் நிலையைத் தாங்கும் எடை குறைந்த உடையை உருவாக்கியிருப்பதாக 2024-இல் அறிவிக்கப்பட்டது.

பழந்தமிழில் கவசத்துக்கு மெய்ம்மறை என்றொரு பெயர் உண்டு. மெய்யை மறைப்பது என்பது அதன் பொருள். மறைக்காத இடத்தில் காப்பில்லை என்பதையும் அப்பெயர் சேர்த்தே சொல்லுகிறது. அக்குளும் கழுத்தும் விலாப்புறமும் திறந்தே இருக்கின்றன. அளவு பொருந்தாத சட்டையில் அந்த இடைவெளிகள் இன்னும் பெரிதாகின்றன. ஆண் உடலுக்கு வெட்டிய சட்டையைப் பெண் காவலர்களுக்கு அணிவித்த காலம் நெடிது. வளைந்த வடிவக் கவசங்களைச் சோதிக்கும் முறை 2023-ஆம் ஆண்டுத் தரவிதியில்தான் செம்மைப்படுத்தப்பட்டது. கவசத்தை அணிவதற்கு வெப்பமே எல்லாவற்றினும் பெரிய தடை: வியர்வை ஆவியாக இடங்கொடாத உறையை மார்பில் கட்டிக்கொண்டு எட்டு மணி நேரம் வெயிலில் நிற்பவர் அதைக் கழற்றி வைக்க விரும்புவது சோம்பலால் அன்று. ஆனால் உடற்பகுதியில் சுடப்பட்ட அமெரிக்கக் காவலர்களின் பதிவுகளை ஆராய்ந்து ராண்ட் ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர் 2010-இல் வெளியிட்ட முடிவு, கவசம் அணியாதவர் இறக்கும் வாய்ப்பு அணிந்தவரைப்போல் மூன்று மடங்குக்கு மேல் என்று காட்டியது. இதனாலேயே, சட்டை வாங்க நிதியுதவி கேட்கும் காவல்துறைகள், அதை அணிவதைக் கட்டாயமாக்கும் விதியை எழுத்தில் வைத்திருக்க வேண்டும் என்று அமெரிக்க அரசு 2011 முதல் நிபந்தனை விதித்தது. கவசம் வாங்கும் பொறுப்பில் இருப்போர், தடுக்கும் நிலையை மட்டும் பார்த்துக் கனத்த சட்டையைக் குவிக்காமல், ஒவ்வொரு காவலருக்கும் அளவெடுத்து, அவர் பணிபுரியும் வெயிலையும் எதிர்கொள்ளும் துப்பாக்கியையும் எண்ணித் தேர்ந்து, உறையில் அச்சிட்டிருக்கும் காலம் முடிந்ததும் தவறாமல் மாற்றித் தர வேண்டும்.